கொடியை இழுக்காதீர்கள், வயிற்றை அமுக்காதீர்கள்: பேறுகால அவசரங்கள் பற்றி வாசகர் கேள்விகள்

பிரசவ நேரத்தில் அரிதாக வரும் உயிராபத்துகள் பற்றிய கேள்விகளைக் கர்ப்பிணிகளும் குடும்பத்தாரும் அனுப்பியிருக்கிறார்கள், செவிலியர்களும் அனுப்பியிருக்கிறார்கள். இரண்டையும் பிரிக்காமல் ஒரே பகுதியாகத் தருகிறோம். மருந்தளவுகள் பணியில் இருப்பவர்களுக்காக எழுதப்பட்டவை. வீட்டில் யாரும் கொடுத்துப் பார்க்கக் கூடாது. கை என்ன செய்ய வேண்டும், எதைச் செய்யவே கூடாது என்பது எல்லோருக்குமானது.

பனிநீர் அதிகமாக இருக்கிறது, தலை இன்னும் இறங்கவில்லை, குடம் உடைந்தால் வலி வரும்வரை காத்திருக்காமல் உடனே வந்துவிடு என்கிறார் டாக்டர். என் அக்காவுக்குக் குடம் உடைந்து ஆறு மணி நேரம் கழித்துத்தான் ஆஸ்பத்திரிக்கே போனோம். எனக்கு மட்டும் ஏன் இந்த அவசரம்?
(எட்டு மாதக் கர்ப்பிணி, கரூர்)

உங்கள் அக்காவுக்குக் குழந்தையின் தலை இடுப்பெலும்புக்குள் இறங்கி, பாட்டில் வாயை அடைத்த தக்கை போல உட்கார்ந்திருக்கும். அந்த நிலையில் பனிக்குடம் உடைந்தால் தண்ணீர் மட்டும்தான் வரும். தலை மேலேயே மிதந்துகொண்டிருந்தாலோ, குழந்தை குறுக்காகவோ கால் கீழாகவோ கிடந்தாலோ, பீறிட்டு வரும் நீரோடு தொப்புள்கொடியும் நழுவி இறங்கலாம். இதைக் கொடி இறக்கம் என்போம். ஆயிரம் பிரசவங்களில் ஒன்று முதல் ஆறு வரை நடக்கிறது. கொடி முன்னால் வந்துவிட்டால், பின்னால் வரும் தலை அதை எலும்போடு வைத்து நசுக்கும். குழந்தைக்கு வரும் ரத்தம் அப்போதே தடைபடும். அம்மாவுக்கு ஒரு வலியும் தெரியாது.

குடம் உடைந்ததும் பிறப்புறுப்பில் கயிறு போல, வழவழப்பாக ஏதாவது தட்டுப்பட்டாலோ வெளியே தெரிந்தாலோ 108-ஐ அழைக்கச் சொல்லிவிட்டு உடனே தரையில் மண்டியிடுங்கள். மார்பும் கன்னமும் தரையில் படட்டும், இடுப்பு மேலே தூக்கியிருக்கட்டும். குழந்தை உங்கள் நெஞ்சுப் பக்கம் சரியும். கொடிமேல் அழுத்தம் குறையும். கொடியை உள்ளே தள்ளாதீர்கள், விரலால் துடிப்பு பார்க்காதீர்கள். கை பட்டாலும் குளிர்ந்த காற்று பட்டாலும் கொடியின் ரத்தக்குழாய்கள் சுருங்கிக்கொள்ளும். சுத்தமான நாப்கின் ஒன்றைத் தளர்வாக வைத்துக்கொண்டால் போதும். ஓடும் வண்டியில் மண்டியிட்டு இருப்பது ஆபத்து. இடதுபக்கமாகப் படுத்து, இடுப்புக்கடியில் இரண்டு தலையணை வையுங்கள். முக்காதீர்கள்.

மருத்துவமனையில் ஒருவர் கையை உள்ளே விட்டுத் தலையை மேலே தாங்கிப் பிடிப்பார். அறுவை அரங்கு போய்ச் சேரும்வரை அந்தக் கை அங்கேயே இருக்கும். அரங்கு தூரமென்றால் ஃபோலி குழாய் வழியே சிறுநீர்ப்பையில் 500 முதல் 750 மி.லி. சலைன் ஏற்றிக் குழாயைக் கிளிப் போட்டு மூடுவதுண்டு. நிறைந்த பை தலையை மேலே தூக்கிவிடும். கைக்கு வேலை குறையும். பணியில் இருப்பவர்களுக்கு ஒரு நினைவூட்டல்: வயிற்றைக் கீறுவதற்கு முன் அந்த நீரை வெளியேற்றிவிட வேண்டும். அவசரத்தில் மறந்துபோவது இதுதான். நிறைந்த பைமேல் கத்தி பட்டுவிடும். கருப்பை வாய் முழுவதும் திறந்து, தலையும் கீழே இருந்தால் கருவி வைத்து எடுப்பது சிசேரியனைவிட வேகமாக முடியும்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிரசவம் பார்க்கிறோம். ரத்தப்போக்கு 300 மி.லி. என்று எழுதி அனுப்பிய தாய்க்கு, மேல்சிகிச்சை மையத்தில் ஹீமோகுளோபின் 5 என்றார்கள். எங்கே தவறுகிறோம்? மருந்துகளை எந்த வரிசையில் கொடுக்க வேண்டும்?
(ஒரு ஸ்டாஃப் நர்ஸ், தேனி மாவட்டம்)

இதற்கு மட்டும் நீளமாகவே பதில் சொல்கிறோம். பேறுகால உயிராபத்துகளில் அடிக்கடி வருவது இது, தடுக்கக் கூடியதும் இது.

கண்ணால் போடும் கணக்கு எப்போதும் குறைவாகத்தான் வரும். ரத்தம் கூடக்கூட அந்தப் பிழையும் கூடும். பாதி பாவாடையிலும் பஞ்சிலும் ஊறிவிடுகிறது, மீதி பனிநீரோடு கலந்து பக்கெட்டுக்குப் போகிறது. குழந்தை பிறந்து பனிநீர் வடிந்ததும் இடுப்புக்கடியில் அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் விரிப்பைப் போடுங்கள். அது இல்லையென்றால் நனைந்த துணியை எடைபோட்டு உலர்ந்த எடையைக் கழியுங்கள். ஒரு கிராமுக்கு ஒரு மி.லி. என்று கொள்ளலாம். கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா ஆகிய நான்கு நாடுகளின் 80 மருத்துவமனைகளில், 2 லட்சத்துக்கும் அதிகமான பிரசவங்களில் நடந்த ஆய்வு 2023-ல் வெளியானது. விரிப்பு வைத்து அளந்து, சிகிச்சைகளை ஒவ்வொன்றாக இழுத்தடிக்காமல் ஒரே மூச்சில் கொடுத்த இடங்களில், கடும் ரத்தப்போக்கும் அதனால் வரும் அறுவையும் மரணமும் சேர்த்து 60 சதவீதம் குறைந்தன. அங்கே புது மருந்து எதுவும் இல்லை. நம் லேபர் வார்டு அலமாரியில் இருக்கும் மருந்துகளேதான்.

500 மி.லி. வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2025 வழிகாட்டி, 300 மி.லி. ரத்தம் போய், நாடித்துடிப்பு 100-ஐத் தாண்டினாலோ மேல் ரத்த அழுத்தம் 100-க்குக் கீழே போனாலோ சிகிச்சையை ஆரம்பிக்கச் சொல்கிறது. இளம் பெண்ணின் உடம்பு ரத்த அழுத்தத்தை வெகுநேரம் தாங்கிப் பிடிக்கும். மொத்த ரத்தத்தில் கால்வாசி போகும்வரை பி.பி. சரியாகவே காட்டலாம். முதலில் ஏறுவது நாடி. நாடித்துடிப்பு எண்ணிக்கை மேல் ரத்த அழுத்த எண்ணை எட்டிப்பிடித்துவிட்டால் நிலைமை ஏற்கெனவே கைமீறிக்கொண்டிருக்கிறது. நிறைமாதத்தில் கருப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கு மேல் ரத்தம் பாய்கிறது. ரத்தசோகை உள்ள 45 கிலோ தாயால் எத்தனை நிமிடம் தாங்க முடியும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

செய்ய வேண்டியவை ஒன்றன்பின் ஒன்றாக அல்ல, ஏறக்குறைய ஒரே நேரத்தில் நடக்க வேண்டும். உதவிக்குக் குரல் கொடுங்கள். ஒருவர் வயிற்றின்மேல் கைவைத்துக் கருப்பை இறுகும்வரை தேய்த்துவிடட்டும். இன்னொருவர் பெரிய ஊசி வழியே டிரிப்ஸ் போட்டு, 10 யூனிட் ஆக்ஸிடோசினை 200 முதல் 500 மி.லி. சலைனில் கலந்து பத்து நிமிடத்தில் ஓடவிடட்டும். அதைத் தொடர்ந்து 20 யூனிட்டை 1 லிட்டரில் கலந்து நான்கு மணி நேரம் ஓட்டலாம். 10 யூனிட்டை நேராக நரம்பில் ஒரே அழுத்தாக ஏற்றாதீர்கள், பி.பி. சட்டென்று சரியும். அதோடு டிரானெக்ஸாமிக் அமிலம் 1 கிராம், பத்து நிமிடத்தில், நரம்பு வழியே. இதைக் கடைசி ஆயுதமாக எடுத்துவைப்பது இன்னும் பல இடங்களில் தொடர்கிறது. அது தவறு. 20,000 தாய்மார்களைக் கொண்ட 2017 ஆய்வில், குழந்தை பிறந்து மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தபோது ரத்தப்போக்கால் நேரும் மரணம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. ஒவ்வொரு 15 நிமிடத் தாமதத்துக்கும் பலன் பத்து சதவீதம் அளவுக்குக் குறைகிறது. மூன்று மணி நேரம் தாண்டினால் பலனே இல்லை. அரை மணி நேரத்துக்குப் பிறகும் ரத்தம் நிற்காவிட்டால் இன்னொரு கிராம் கொடுக்கலாம்.

மருந்து ஓடும்போதே காரணத்தைத் தேடுங்கள். சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால் கருப்பை இறுகாது. குழாய் போட்டுக் காலி செய்யுங்கள். நஞ்சு (நஞ்சுக்கொடி) முழுதாக வந்ததா என்று இதழ் இதழாகப் பாருங்கள். கருப்பை கல் மாதிரி இறுகியிருந்தும் சிவப்பாக ஓடினால் கிழிசல் இருக்கிறது. நல்ல வெளிச்சத்தில் கருப்பை வாயைச் சுற்றிப் பார்க்க வேண்டும். 5 மி.லி. ரத்தத்தைச் சாதாரணக் கண்ணாடிக் குழாயில் எடுத்துக் கைக்குள் வைத்திருங்கள். ஏழு நிமிடத்தில் உறையவில்லை என்றால், உறையும் சக்தியே போய்விட்டது. ரத்தமும் பிளாஸ்மாவும் ஏற்றாமல் அவளைக் காப்பாற்ற முடியாது.

அடுத்த கட்ட மருந்துகளில் இரண்டு எச்சரிக்கை. மெதர்ஜின் 0.2 மி.கி. ஊசியை பி.பி. உள்ளவளுக்குப் போடக் கூடாது. கார்போப்ரோஸ்ட் 250 மைக்ரோகிராம் ஊசியை ஆஸ்துமா உள்ளவளுக்குப் போடக் கூடாது. மிசோப்ரோஸ்டால் 800 மைக்ரோகிராமை நாக்கின் அடியில் வைக்கலாம். ஆக்ஸிடோசின் 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டிய மருந்து. டிரேயில் நாள்கணக்கில் வெளியே கிடந்த ஆம்பூல் வீரியம் இழந்திருக்கலாம். மருந்து வேலை செய்யவில்லை என்று நினைப்பதற்கு முன் ஃபிரிட்ஜைப் பாருங்கள்.

அதற்கும் நிற்கவில்லையா? ஒரு கை முஷ்டியாக உள்ளே, மறுகை வயிற்றின்மேல், நடுவில் கருப்பையை வைத்து இறுக்கிப் பிடியுங்கள். ஐந்து நிமிடத்தில் கை மரத்துப்போகும், ஆள் மாற்றிக்கொள்ளுங்கள். டாக்காவில் டாக்டர் சயீபா அக்தர் வடிவமைத்த ஆணுறை பலூனை எந்த ஆரம்ப சுகாதார நிலையத்திலும் தயார் செய்துகொள்ளலாம். 16-ம் எண் சிறுநீர்க் குழாயின் நுனியில் ஆணுறையை மாட்டி நூலால் இறுகக் கட்டிக் கருப்பைக்குள் வைத்து, ரத்தம் நிற்கும்வரை 250 முதல் 500 மி.லி. சலைன் ஏற்றிக் குழாயை மடக்கிக் கட்ட வேண்டும். 24 மணி நேரம் இருக்கலாம். நஞ்சுத்துண்டும் கிழிசலும் இல்லை என்று பார்த்த பிறகே இதை வைக்க வேண்டும். பலூன் நிறைந்து கால் மணி நேரமாகியும் ரத்தம் வந்தால் அறுவைதான்.

அனுப்பும்போது தனியாக அனுப்பாதீர்கள். ரத்தப்போக்கு அதிர்ச்சியை மட்டுப்படுத்த, காலையும் வயிற்றையும் இறுக்கிப் பிடிக்கும் ஆடை இருந்தால் கணுக்காலில் ஆரம்பித்து மேல்நோக்கிப் பட்டை பட்டையாக இறுக்குங்கள். போய்ச் சேர்ந்ததும் அதை உடனே பிரித்துவிடுவது ஆபத்து. ரத்தம் ஏற்றி நிலைமை சீரான பின், கணுக்கால் பட்டையிலிருந்து, ஒரு பட்டைக்கும் அடுத்ததற்கும் 15, 20 நிமிடம் விட்டுத்தான் கழற்ற வேண்டும். நாடி 20 ஏறினாலோ பி.பி. 20 இறங்கினாலோ திரும்ப மாட்டிவிடுங்கள்.

நஞ்சு வர தாமதமானதால் கொடியை இழுத்ததில் கர்ப்பப்பையே வெளியே வந்துவிட்டதாக எங்கள் ஊரில் பேசிக்கொள்கிறார்கள். அப்படி நடக்குமா?
(ஒரு வாசகர், அருப்புக்கோட்டை)

நடக்கும். பல ஆயிரம் பிரசவங்களுக்கு ஒன்று. நஞ்சு இன்னும் ஒட்டியிருக்கும்போது, கருப்பை தளர்ந்திருக்கும்போது கொடியை இழுத்தால், சட்டைக் கையை உள்பக்கமாகப் பிடித்து இழுத்த மாதிரி கருப்பை உள்வெளியாகப் புரண்டு வரும். இழுக்காமலும் சில நேரம் நேர்வதுண்டு. ஆகவே நடந்தாலே யாரோ தவறு செய்தார்கள் என்று முடிவுகட்டிவிட முடியாது.

நஞ்சு பிரிந்ததற்கு உடம்பே அடையாளம் காட்டும்: கொடி தானாக நீளும், ஒரு குபுக் ரத்தம் வரும், கருப்பை பந்து போலத் திரளும். அதன்பிறகு ஒரு கை அடிவயிற்றில் கருப்பையை மேல்நோக்கித் தாங்க, மறுகை கொடியை மெதுவாக, கருப்பை இறுகும்போது மட்டும் இழுக்கலாம். தாங்கும் கை இல்லாமல் இழுக்கவே கூடாது.

புரண்டுவிட்டால் அடையாளம் இது: வயிற்றில் கைவைத்தால் கருப்பை தட்டுப்படாது, பிறப்புறுப்பில் சிவந்த உருண்டை தெரியும், போன ரத்தத்துக்குப் பொருந்தாத அளவில் தாய் துவண்டுபோவாள். நரம்புகள் இழுபடுவதால் நாடி வேகமாவதற்குப் பதில் மந்தமாகலாம். ஆக்ஸிடோசினை உடனே நிறுத்துங்கள். ஓடிக்கொண்டிருந்தால் கருப்பை வாய் கழுத்தாக இறுகி வழியை அடைத்துவிடும். நஞ்சு ஒட்டியிருந்தால் பிய்க்காதீர்கள், ரத்தம் கொட்டும். அதோடு சேர்த்தே, உள்ளங்கையால் தொப்புள் திசையில் திரும்பத் தள்ளுங்கள். முதல் சில நிமிடங்களில் செய்தால் பெரும்பாலும் போய்விடும். நேரம் போகப்போக வீக்கம் கூடி வழி இறுகும். அப்போது கருப்பையைத் தளர்த்தும் ஊசியோ மயக்கமோ கொடுத்து மறுபடி முயல்வார்கள். இன்னொரு வழி, 2 லிட்டர் வெதுவெதுப்பான சலைனை ஒரு மீட்டருக்கு மேல் தொங்கவிட்டுப் பிறப்புறுப்புக்குள் பாயவிட்டு, பிறப்புறுப்பின் வாயைக் கையாலோ மென்மையான வாக்குவம் கப்பாலோ அடைப்பது. நீரின் அழுத்தமே கருப்பையை உள்ளே தள்ளிவிடும். உள்ளே போன பிறகு, அது இறுகும்வரை கையை எடுக்கக் கூடாது. ஆக்ஸிடோசினை அப்போது ஆரம்பிக்கலாம்.

எனக்குச் சுகர் இருக்கிறது. ஸ்கேனில் குழந்தை 4 கிலோ. தோள் சிக்கிக்கொள்ளும் என்று பயமுறுத்துகிறார்கள். சிசேரியன் செய்துகொள்வதே நல்லதா?
(ஒரு வாசகி, ஆவடி)

தலை வெளியே வந்து, முன்தோள் அம்மாவின் அடிவயிற்றுக்குக் கீழே முன்புறம் உள்ள பூப்பெலும்புக்குப் பின்னால் மாட்டிக்கொள்வதைத்தான் சொல்கிறார்கள். ஆயிரத்தில் ஆறேழு பிரசவங்களில் வருகிறது. சுகர் உள்ள தாய்க்கு வாய்ப்பு இரண்டு முதல் நான்கு மடங்கு அதிகம், ஏனென்றால் அந்தக் குழந்தைக்குத் தலையைவிடத் தோளிலும் மார்பிலும் சதை கூடுகிறது. ஆனால் சிக்கிய குழந்தைகளில் பாதிக்கு அருகே 4 கிலோவுக்கும் குறைந்தவை. ஸ்கேன் எடையும் பத்து சதவீதம் இப்படி அப்படி இருக்கலாம். சுகர் உள்ளவர்களுக்கு மதிப்பிட்ட எடை 4.5 கிலோவை எட்டினால் சிசேரியனைப் பேசலாம் என்பதே பொதுவான வழக்கம். 4 கிலோவில் உங்கள் உயரம், முந்தைய பிரசவம், சர்க்கரைக் கட்டுப்பாடு எல்லாம் பார்த்து உங்கள் மருத்துவரோடு முடிவெடுங்கள். எங்கே பிரசவம் பார்ப்பது என்பதும் அதே அளவு முக்கியம். நான்கைந்து கைகள் உடனே கூடக்கூடிய இடம் வேண்டும்.

தலை வந்து, ஆமைத் தலை போல மீண்டும் உள்ளிழுத்துக் கன்னம் ஒட்டிக்கொண்டால் அதுதான் அடையாளம். அப்போது அம்மா முக்குவதை நிறுத்த வேண்டும். இரண்டு பேர் இரண்டு தொடைகளையும் வயிற்றோடு சேர்த்து மடக்கிப் பிடிப்பார்கள். இடுப்பெலும்பின் கோணம் மாறிப் பெரும்பாலான தோள்கள் இதிலேயே விடுபட்டுவிடும். போதாவிட்டால் பூப்பெலும்புக்கு நேர் மேலே, குழந்தையின் முதுகுப் பக்கமிருந்து, நெஞ்சை அமுக்கி முதலுதவி செய்வது போன்ற அழுத்தம் கொடுப்பார்கள். அதற்கும் மசியாவிட்டால் கையை உள்ளே விட்டுக் குழந்தையின் பின்புறக் கையை மடக்கி வெளியே எடுப்பார்கள். தோள்களின் அகலம் அதிலேயே குறைந்துவிடும். அம்மாவைக் கைகளும் முழங்கால்களும் ஊன்றித் திருப்பி நிறுத்துவதும் உதவும்.

இரண்டு தவறுகள் கெடுதலில் முடியும். ஒன்று, வயிற்றின் உச்சியை அமுக்குவது. மாட்டிய தோளை அது எலும்பின்மேல் இன்னும் அழுத்தும். கருப்பை கிழியவும் கூடும். மற்றொன்று, தலையைப் பிடித்துக் கீழ்நோக்கி வளைத்து இழுப்பது. கழுத்திலிருந்து கைக்குப் போகும் நரம்புகள் அறுந்து, குழந்தையின் கை தொங்கிப்போவது இப்படித்தான். அந்தப் பாதிப்பில் பத்தில் ஒன்றுக்கும் குறைவானதே நிரந்தரமாகத் தங்குகிறது, ஆனாலும் அந்த ஒன்று வேண்டாமே. ஐந்து நிமிடம் கைவசம் இருக்கிறது. ஒருவர் கடிகாரத்தைப் பார்த்து நிமிடத்தைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே இருப்பது எல்லோர் கையையும் நிதானப்படுத்தும்.

என் மருமகளுக்கு பி.பி. 150/100. ஜன்னி வந்தால் கையில் இரும்புச் சாவி கொடுக்கலாமா? வாயில் ஸ்பூன் வைக்க வேண்டுமா?
(ஒரு தாய், பட்டுக்கோட்டை)

இரண்டும் வேண்டாம், அம்மா. வலிப்பு ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடத்தில் தானாக அடங்கும். சாவி கொடுத்ததால் நின்றது போலத் தோன்றும், அவ்வளவுதான். ஸ்பூன் பல்லை உடைக்கும், மூச்சுக்குழாயில் எச்சிலையும் ரத்தத்தையும் தள்ளும். இடதுபக்கமாகப் புரட்டிப் படுக்கவையுங்கள், வாயோரம் வழிவதைத் துடையுங்கள், 108-ஐ அழையுங்கள். அடங்கிய பிறகு தண்ணீர்கூடக் கொடுக்காதீர்கள்.

அதற்கு முன்பே வரும் அடையாளங்களைக் கவனியுங்கள்: மாத்திரைக்கு அடங்காத தலைவலி, கண்ணில் மின்னல் போலப் பூச்சி பறப்பது, மேல்வயிற்றில் வலி, வாந்தி, முகவீக்கம். இவற்றில் எது வந்தாலும் அடுத்த செக்கப் தேதிக்குக் காத்திருக்க வேண்டாம். பிரசவம் முடிந்துவிட்டது என்றும் நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். பிரசவத்துக்குப் பின் முதல் இரண்டு நாட்களிலும் வலிப்பு அடிக்கடி வருவதுண்டு. அதற்குப் பிறகும் சில வாரங்கள்வரை வரலாம்.

செவிலியர்களுக்கு: மருந்து மக்னீசியம் சல்பேட். 50 சதவீத ஆம்பூல் ஒன்றில் 2 மி.லி.யில் 1 கிராம் இருக்கும். நான்கு ஆம்பூலை 12 மி.லி. சலைனோடு கலந்தால் 20 மி.லி.யில் 4 கிராம்; அதை நரம்பில் ஐந்து நிமிடத்துக்குக் குறையாமல் மெதுவாக ஏற்ற வேண்டும். பிறகு பிட்டத்தின் ஒவ்வொரு பக்கமும் ஆழமாக 5 கிராம். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை 5 கிராம், பக்கம் மாற்றி, பிரசவமோ கடைசி வலிப்போ எது பிந்தியதோ அதிலிருந்து 24 மணி நேரம்வரை. நரம்பில் போட வழியில்லாத இடத்தில் பிட்டத்தில் 10 கிராமை மட்டுமாவது போட்டு அனுப்புங்கள், வெறுங்கையோடு அனுப்பாதீர்கள். அடுத்த ஊசிக்கு முன் மூன்றைப் பார்க்க வேண்டும்: முழங்காலில் தட்டினால் துள்ளல் இருக்கிறதா, மூச்சு நிமிடத்துக்கு 16-க்குக் குறையாமல் இருக்கிறதா, சிறுநீர் மணிக்கு 30 மி.லி. வருகிறதா. சிறுநீர் குறைந்தால் மருந்து உடம்பில் தேங்கும். முதலில் துள்ளல் போகும், பிறகு மூச்சு நிற்கும். மக்னீசியத்தின் முறிவு மருந்தான 10 சதவீத கால்சியம் குளுக்கோனேட் 10 மி.லி.யை ஊசியில் எடுத்து, பெயர் எழுதித் தலைமாட்டிலேயே வையுங்கள்.

பி.பி. 160/110-ஐத் தொட்டால் அதற்குத் தனியாக மருந்து வேண்டும், மக்னீசியம் பி.பி. மாத்திரை அல்ல. இந்தக் குழப்பம் நிறைய இருக்கிறது. ஒரு காலத்தில் சென்னை எழும்பூர் மகப்பேறு மருத்துவமனையில் டாக்டர் கிருஷ்ண மேனன் மூன்று தூக்க மருந்துகளைக் கலந்து கொடுத்த சிகிச்சை முறை இந்தியா முழுக்கப் பரவி, அன்றைக்குப் பல உயிர்களைக் காத்தது. 1995-ல் வந்த பன்னாட்டு ஆய்வு மக்னீசியத்தை டயசெபாம், ஃபெனிடாயின் இரண்டோடும் ஒப்பிட்டு, மறுவலிப்பைத் தடுப்பதில் மக்னீசியமே மேல் என்று காட்டியது. வலிப்பு வராமலே தடுப்பதிலும் அதுதான் மேல். 2002-ல் 10,000-க்கும் அதிகமான கர்ப்பிணிகளிடம் நடந்த ஆய்வில் வலிப்பு பாதிக்கு மேல் குறைந்தது.

இரண்டு சிசேரியன் ஆகிவிட்டது. மூன்றாவது கர்ப்பத்தில் நஞ்சு கீழே இருக்கிறது என்கிறது ஸ்கேன். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்கிறார்கள். அவசியமா?
(ஒரு வாசகி, ஒசூர்)

மிக அவசியம். இன்றைக்கே போங்கள். நஞ்சு பழைய தையல் தழும்பின்மேல் ஊன்றினால், உரித்தெடுக்க முடியாதபடி கருப்பைத் தசைக்குள் வேர் பிடித்துவிடலாம். அமெரிக்காவில் 30,000-க்கும் மேற்பட்ட சிசேரியன்களை ஆராய்ந்து 2006-ல் வெளியிட்ட கணக்கு: நஞ்சு கீழே உள்ளவர்களில், முதல் சிசேரியனில் 3 சதவீதம் பேருக்கு இது இருந்தது, இரண்டாவதில் 11, மூன்றாவதில் 40, நான்காவதில் 61. உங்களுடையது மூன்றாவது. தமிழ்நாட்டில் 2019-21 குடும்பநலக் கணக்கெடுப்பின்படி நூற்றுக்கு 45 குழந்தைகள் சிசேரியனில் பிறந்தன. ஒரு காலத்தில் அபூர்வமாகப் பார்த்த இந்த நோய் இனி அபூர்வமாக இருக்காது. முதல் சிசேரியனுக்குக் கையெழுத்துப் போடும் குடும்பத்திடம் இதைச் சொல்ல வேண்டிய கடமை எங்களுக்கு உண்டு.

கலர் டாப்ளர் ஸ்கேனில் நஞ்சுக்குள் சல்லடை போல ரத்தக்குளங்கள் தெரிகிறதா, நஞ்சுக்கும் தசைக்கும் நடுவே இருக்கும் கருங்கோடு மறைந்திருக்கிறதா, சிறுநீர்ப்பையின் ஓரம் உடைந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். இருந்தால் வலி வரும்வரை விடமாட்டார்கள். பொதுவாக 34 முதல் 36 வாரத்துக்குள் நாள் குறித்து அறுவை நடக்கும். நஞ்சைத் தொடாமல் வேறு இடத்தில் கீறிக் குழந்தையை எடுத்து, பெரும்பாலும் நஞ்சோடு சேர்த்தே கருப்பையை அகற்றுவார்கள். அகற்ற வேண்டியிருக்குமா என்பதை முன்பே கேளுங்கள். உங்கள் ரத்த வகைக் கொடையாளர்களைத் தேடிவையுங்கள், இரும்புச்சத்து ஊசி போட்டு ஹீமோகுளோபினை ஏற்றிக்கொள்ளுங்கள். வலியில்லாமல் சிறிது ரத்தம் பட்டாலும் வீட்டில் இருக்காதீர்கள்.

முதல் குழந்தை சிசேரியன். இரண்டாவதைச் சுகப்பிரசவமாகப் பெற நினைக்கிறேன். தையல் பிரிந்துவிடுமா?
(ஒரு வாசகி, திண்டுக்கல்)

வலி தானாக வந்தால் ஏறத்தாழ 200-ல் ஒருவருக்கு. பழைய டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துப் பாருங்கள்; கருப்பையில் நெடுக்காகக் கீறியிருந்தால் சுகப்பிரசவம் கூடாது. தோலில் உள்ள தழும்பை வைத்து இதைச் சொல்ல முடியாது. தழும்புள்ள கருப்பைக்கு நிறைமாதத்தில் வலி வரவைக்க மிசோப்ரோஸ்டால் மாத்திரை வைக்கக் கூடாது. தையல் பிரிவதன் முதல் அடையாளம் பெரும்பாலும் குழந்தையின் இதயத்துடிப்பு குறைவதுதான். ஆகவே தொடர்ந்து துடிப்பைப் பதியும் கருவியும், இரவிலும் திறந்திருக்கும் அறுவை அரங்கும் உள்ள இடமாகப் பாருங்கள். வலிகளுக்கு நடுவிலும் தழும்பு விடாமல் வலித்தாலோ, வந்துகொண்டிருந்த வலி சட்டென்று நின்றாலோ அதே நொடியில் சொல்லுங்கள்.

வலி நன்றாக வந்துகொண்டிருந்தபோதே மூச்சுத் திணறி, சில நிமிடங்களில் ஒரு பெண் இறந்தார். பனிநீர் ரத்தத்தில் கலந்துவிட்டது என்றார்கள். இது உண்மையான நோயா, சாக்கா?
(ஒரு வாசகர், நாகர்கோவில்)

உண்மையான நோய். ஏறத்தாழ 40,000 முதல் 50,000 பிரசவங்களுக்கு ஒன்று. பனிநீர் தாயின் ரத்தத்தில் நுழைந்ததும் உடம்பு கடும் ஒவ்வாமை போல எதிர்வினை காட்டுகிறது. நுரையீரல் குழாய்கள் இறுகி, இதயம் தடுமாறி, உயிர் பிழைத்தாலும் சிறிது நேரத்திலேயே ரத்தம் உறையாமல் கொட்டத் தொடங்கும். முன்கூட்டிச் சொல்லும் பரிசோதனை கிடையாது, தடுப்பும் கிடையாது. மற்ற காரணங்களை ஒவ்வொன்றாக நீக்கித்தான் இந்த முடிவுக்கு வருகிறோம். எனவே என்னென்ன பார்த்தார்கள், என்னென்ன செய்தார்கள் என்று குடும்பத்தார் கேட்பது நியாயம்.

இதயம் நின்றால் நெஞ்சை அமுக்கும்போதே ஒருவர் வயிற்றை இடதுபக்கமாகக் கையால் ஒதுக்கிப் பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் கனத்த கருப்பை பெருஞ்சிரையை நசுக்கி, அமுக்குவதெல்லாம் வீணாகும். கருப்பை தொப்புளை எட்டியிருந்தால், நான்கு நிமிடத்தில் துடிப்பு திரும்பாதபோது அங்கேயே, அந்தக் கட்டிலிலேயே, அரங்குக்குத் தூக்கிச் செல்லாமல் கீறி ஐந்தாவது நிமிடத்துக்குள் குழந்தையை எடுக்க வேண்டும். இது குழந்தைக்காக மட்டும் அல்ல. கருப்பை காலியானால்தான் தாயின் இதயத்துக்கு ரத்தம் திரும்பும்.

பிள்ளை பெற்றவள் தண்ணீர் குடித்தால் வயிறு பெருக்கும் என்று அம்மா கொடுக்க மாட்டேன் என்கிறார். வீட்டுக்கு வந்த பிறகு எத்தனை நாள் பயப்பட வேண்டும்?
(தலைப்பிரசவம் முடிந்த வாசகி, மானாமதுரை)

தண்ணீரைக் கேட்டு வாங்கிக் குடியுங்கள். பிரசவமான சில வாரங்களுக்கு ரத்தம் எளிதில் உறையும். உடம்பில் நீர் வற்றினால் மூளையின் சிரையில் ரத்தம் கட்டியாக உறைந்துவிடலாம். தண்ணீர் மறுக்கும் பத்தியம் இருக்கும் ஊர்களில் இந்த நோயை டாக்டர்கள் பல காலமாகப் பார்த்து வருகிறார்கள். நாளுக்கு நாள் கூடும் தலைவலி, வாந்தி, வலிப்பு, ஒரு கை கால் மரத்துப்போவது இதன் அடையாளங்கள். ஒரு காலில் மட்டும் வீக்கமும் கெண்டைச்சதை வலியும், கூடவே மூச்சுவாங்கலும் இருந்தால் காலில் உறைந்த கட்டி நுரையீரலுக்குப் போயிருக்கலாம்.

ஆறு வாரம்வரை கவனமாக இருங்கள். ஒரு மணி நேரத்தில் ஒரு நாப்கின் முழுதாக நனைவது, எலுமிச்சை அளவு கட்டி விழுவது, குளிர்க்காய்ச்சல், துர்நாற்றம், மயக்கம் இவற்றில் ஒன்று இருந்தாலும் பிரசவம் பார்த்த இடத்துக்கே போங்கள், இரவென்றால் 108. போகும்போது டிஸ்சார்ஜ் சம்மரியையும், நனைந்த நாப்கின்களை ஒரு பையில் போட்டும் எடுத்துப் போங்கள். எவ்வளவு ரத்தம் போயிருக்கிறது என்று எடைபோட்டுப் பார்க்க அது உதவும்.